133 அடி வேண்டாம், ஒரு ஆள் போதும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற என் பிள்ளைகள் புராஜெக்டுக்கு எடுத்த போட்டோக்களோடு வந்தார்கள். பத்தில் எட்டுப் பேர் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையும் சூரிய உதயமும்தான். பீடத்தோடு 133 அடி, 2000 ஜனவரி 1-லிருந்து அங்கேயேதான் நிற்கிறது, நாளைக்கும் நிற்கும், விடுங்க மக்கா.

ஒருத்தி மட்டும் குலசேகரம் பக்கம் போய், விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிற தன் மாமாவை எடுத்திருந்தாள். வெளிச்சம் என்று இருந்தது அவர் நெற்றியில் கட்டியிருந்த டார்ச் மட்டும்தான். அது பட்டையில் பட்டுத் திரும்பி பாதி முகத்தில் விழ, கத்தி கீறின கோட்டில் பால் மெல்ல இறங்கி சிரட்டைக்குப் போகிறது, மற்றதெல்லாம் இருட்டு. இருட்டுக்கு ஏற்ற கேமரா செட்டிங்: 50 எம்.எம். லென்ஸ், எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200. நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரிகிற புள்ளிகள், இருக்கத்தான் செய்கிறது, அதைத் துடைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வேலை, முகம் தெரியாத போர்ட்ரெய்ட். தோவாளைச் சந்தையில் பூக்கட்டும் விரல்கள், முட்டத்தில் வலை சரிசெய்கிற ஒருவரின் முதுகு, எதுவானாலும் சரி, ஒரே ஆள், பத்துப் படம். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது, டீ குடித்துப் பேசிவிட்டு வாங்க. கேட்காமல் எடுத்ததற்கு ஒரு ஆச்சி பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை என் மேலேயே தெளித்தார் (கேமரா பிழைத்தது). மறுநாள் கேட்டு எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு மக்கா" என்றார்.

அப்புறம், தோவாளைக்கு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்துடுங்க. வெயில் ஏறினால் கண்குழியெல்லாம் கறுத்துடும், பூவும் வண்டி ஏறியிருக்கும்.