விரட்டப்பட்டவர் வந்து முடித்துவைக்கும் பூஜை

பாலித் தீவில் கோயில் வாசலைத் தாண்ட வேண்டுமானால் இடுப்பில் சாரோங், அதன் மேல் ஒரு கச்சை, இரண்டும் கட்டாயம். கியான்யார் பக்கம் ஒரு கிராமத்தில் ஓடாலான் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தோம். அவர்கள் பஞ்சாங்கப்படி 210 நாட்களுக்கு ஒருமுறை வரும் கோயில் திருவிழா அது.

உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. மேல் மண்டபத்தில் பெதண்டா எனப்படும் குரு மணியாட்டி மந்திரம் சொல்லித் தீர்த்தம் உருவேற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பெண்கள் பக்திப் பாட்டு பாட, இன்னொரு பக்கம் கமேலான் எனும் வாத்தியக் குழு முழங்கியது. கீழே முற்றத்தில் தோபெங் எனும் முகமூடி ஆட்டம். கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. ஆடுகிறவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. சுவாமிக்கு முன் செய்யும் கைங்கரியம் அல்லவா!

இந்த வகை ஆட்டத்தில் ஒரே கலைஞர்தான் எல்லா வேடமும். திரைக்குப் பக்கவாட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது பெரும் பாக்கியம். கூடைக்குள் துணி சுற்றிய முகமூடிகள். முன்னால் பூவும் ஊதுபத்தியும். தீர்த்தம் தெளித்து, கண்மூடி வேண்டிக்கொண்ட பிறகே துணியைப் பிரித்தார். ‘பூலே’ மரத்தில், அதாவது நம் ஏழிலைப்பாலையில் செதுக்கியவை. மரம் வெட்டவே நாள் பார்த்துப் படையல் போடுவார்கள். செதுக்கி முடித்த பின் சக்தி ஏற்றும் சடங்கு வேறு உண்டு.

முதலில் மிடுக்கான மந்திரி வந்தார். பிறகு நரைத்த தலையுடன் ஒரு கிழவர். ஆட்டத்தின் நடுவே நின்று ஆடையில் பேன் தேடினார், கண்ணைத் துடைத்தார். முழு முகமூடிகள் பேசுவதில்லை. கதை சொல்லும் பணியாளுக்கும் கோமாளிகளுக்கும் வாய்ப்பக்கம் திறந்திருக்கும்.

கடைசியில் வந்தார் சிதகார்யா. வெளுத்த முகம், துருத்திய பல், கலைந்த முடி. இவர் வராமல் சடங்கு பூர்த்தியாகாது.

16ஆம் நூற்றாண்டில் பாலியை ஆண்ட கெல்கெல் அரசர் வாதுரெங்கோங் பெசாகி கோயிலில் பெரிய யாகம் நடத்தினாராம். கெலிங் தேசத்து அந்தணர் ஒருவர் அழுக்கு உடையோடு வந்து, நான் அரசரின் உறவினன் என்றார். யாரும் நம்பாமல் விரட்டினார்கள். அவர் சாபமிட, பயிர் அழிந்தது, நோய் பரவியது. அரசர் தவறை உணர்ந்து அவரை அழைத்து மன்னிப்புக் கேட்க, அவர் வந்து எல்லாவற்றையும் சீராக்கினார். அந்த அந்தணர்தான் சிதகார்யா. அன்றுமுதல் யாகங்களை நிறைவேற்றித் தரும் பொறுப்பு அவருக்கு.

இந்தக் கதைக்காகவே பாலியை வணங்கத் தோன்றுகிறது. அழகான ராஜா முகமும் அந்தக் கூடையில் இருந்தது. ஆனால் அருள் வழங்கும் உரிமை விகாரமென்று ஒதுக்கப்பட்ட முகத்துக்கே!

சிதகார்யா மந்திரம் சொல்லித் திசைகள்தோறும் மஞ்சள் அரிசி இறைத்தார். நம் அட்சதையேதான். என் தோளிலும் விழுந்தது. தட்டிவிட மனம் வரவில்லை. பின்பு கூட்டத்துக்குள் பாய்ந்து ஒரு சிறுவனைத் தூக்கினார். அவன் அலறினான். கையில் காசைக் கொடுத்து இறக்கிவிட்டதும், தாயிடம் ஓடி அதைக் காட்டினான்.

யுனெஸ்கோ 2015இல் பட்டியலில் சேர்த்த பாலி நடனங்களில் இதுவும் ஒன்று. தென்பசாரில் சிதகார்யா பெயரிலேயே கோயில் இருக்கிறது. பெரிய யாகம் நடத்துகிறவர்கள் அங்கே வந்து அவர் தீர்த்தத்தை வேண்டிப் பெற்றுப் போகிறார்கள்.