கிழட்டுக் கொசுதான் ஆபத்து

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். எல்லாக் கொசுவும் பரப்பாது, அனோபிலஸ் பெண் கொசு மட்டும்தான், அதிலும் கொஞ்சம் வயசான கொசு மட்டும்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகு கொசுவலை மேல் மரியாதையே வந்துவிட்டது.

மலேரியா வந்த ஒருவரைக் கடிக்கும் கொசுவின் வயிற்றுக்குள் அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி போகிறது. அன்றைக்கே அது அடுத்த ஆளைக் கடித்தால் ஒன்றும் ஆகாது. ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுச் சுவரில் கொப்புளமாக ஒட்டிக்கொண்டு வளர்ந்து, வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும் (1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது அந்தக் கொப்புளங்களைத்தான்). இதற்குக் கிட்டத்தட்ட 10 நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அத்தனை நாள் இருப்பதே இல்லை.

அதற்குள் முட்டையிட வேண்டி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ரத்தம் தேடி வந்தாக வேண்டும், அதாவது அந்தப் பத்து நாளில் நாலைந்து தடவை ராத்திரியில் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு தடவையும் உயிரோடு திரும்ப வேண்டும். மருந்து தோய்த்த வலை அங்கேதான் வேலை செய்கிறது. உள்ளே படுத்திருப்பவரை மட்டுமல்ல, அந்தக் கொசு அடுத்த வாரம் கடிக்கப்போகும் யாரோ ஒருவரையும் அது காப்பாற்றுகிறது. வயிறு முட்டக் குடித்த கொசு பக்கத்துச் சுவரில் போய் உட்காரும் என்பதால்தான் சுவரிலும் மருந்தடிக்கிறார்கள். கொசுவைப் பூண்டோடு ஒழிக்காவிட்டாலும் அதன் ஆயுளில் சில நாள் குறைந்தாலே பரவல் படுத்துவிடும். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலையால் தடுத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000. இறந்தவர்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் 5 வயதுகூட ஆகாத குழந்தைகள். வலை கிழிகிறது, மருந்துக்குக் கொசு பழகிவிடுகிறது, புது வலைக்கும் புது மருந்துக்கும் பணம் வேண்டும். தடுப்பூசி இப்போது இரண்டு வந்திருக்கிறது, 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் ஊசி போட்ட குழந்தையும் வலைக்குள்தான் தூங்க வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில்: பாதியில் நிறுத்துவது. 1963இல் இலங்கை முழுவதற்கும் சேர்த்துப் பதிவான மலேரியா வெறும் 17 பேருக்கு. சரி, முடிந்தது என்று மருந்தடிப்பதை விட்டுவிட்டார்கள். 1968-69இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. அப்புறம் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கி, மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வாங்க 2016 ஆகிவிட்டது.

அரசாங்கம் செய்தால் குறை சொல்கிறோம், ஆனால் நம் உடம்பிலேயே நாம் இதைத்தான் செய்கிறோம். வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுண்ணி கல்லீரலில் போய்ப் படுத்துத் தூங்கும். ரத்தத்தில் இருப்பதைக் கொல்ல ஒரு மாத்திரை, தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின், அது வழக்கமாக 14 நாள் (சிலருக்கு இந்த மாத்திரையால் சிவப்பணு உடையும், அதனால் டாக்டர் சொல்லாமல் நீங்களே வாங்கிப் போடாதீர்கள்). மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அட்டையோடு தூக்கிப் போட்டுவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்துக் குளிரெடுத்து நடுங்கும்போது எந்தக் கொசு கடித்ததோ என்று திட்டுகிறோம். புதிதாக எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை, எப்போதோ செத்துப்போன அந்தப் பழைய கொசு விட்டுப்போனதுதான் எழுந்து வந்திருக்கிறது.