ஆச்சிமார் குரலும் குழுவின் கேள்விகளும்

மொழியியலில் பிஎச்.டி. பதிவு செய்தபோது நான் எடுத்துக்கொண்ட விஷயம் இது: திருநெல்வேலிப் பக்கத்து வயதான பெண்களின் பேச்சைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு தூரம் புரிந்துகொள்கிறது, புரிந்துகொள்ளாவிட்டால் நஷ்டம் யாருக்கு. பாதி மொழியியல், கொஞ்சம் கணினி, மீதி சமூகவியல். இப்படித் துறை தாண்டிய ஆய்வுக்குள் இறங்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தூண்டுதல் 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு. ஸ்டான்ஃபோர்டில் மொழியியலாளர் ஜான் ரிக்ஃபோர்டும் கணிப்பியல்காரர்களும் சேர்ந்து, ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசினால் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை, கறுப்பினத்தவர் பேசினால் 35. ஒரே சொற்றொடரை இரு தரப்பும் சொன்னபோதும் இடைவெளி குறையவில்லை. அதாவது சிக்கல் சொற்களில் இல்லை, குரலையும் உச்சரிப்பையும் இயந்திரம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. தமிழிலும் 2022இல் முதியவர்கள், திருநர்கள் ஆகியோரின் பேச்சை எழுத்தாக்கும் போட்டி ஒன்றை ஆய்வாளர்களுக்காக நடத்தினார்கள். சரி, நம் ஊர் ஆச்சிகளை வைத்துப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

முதல் வேலை, இரண்டு கைடு பிடிப்பது: மொழியியலில் ஒரு நெறியாளர், கணினியில் ஒரு இணை நெறியாளர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. விதிமுறைகள் வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. தாளில் சுலபம். நடைமுறையில், எந்தத் துறையின் கணக்கில் ஸ்காலர் சேருவார், கோர்ஸ் ஒர்க் எங்கே படிப்பார் என்பதிலேயே ஃபைல் மேசைக்கு மேசை நகர்ந்தது. கணினித் துறையில் ஒரு பேப்பர் எடுத்துப் படித்தது பிற்பாடு ரொம்பவும் உதவியது. நிரல் எழுதியதைவிட அவர்கள் எதைக் கவனிப்பார்கள், எதைக் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டதுதான் லாபம்.

அடுத்தது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு. உண்மையில் என் ஆய்வின் முகத்தையே மாற்றியது இந்தக் கட்டம்தான். கலைத்துறை ஸ்காலர்கள் பலர் இதை மருத்துவக் கல்லூரி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளை ஒட்டி அமைத்த குழு என்பதால், விஞ்ஞானிகளோடு ஒரு வழக்கறிஞர், ஒரு சமூக அறிவியலாளர், துறை சாராத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வழக்கறிஞர் சேமிப்பைப் பற்றிக் கேட்டார். குரல் எந்த சர்வருக்குப் போகிறது, நாட்டை விட்டு வெளியே போகிறதா, 2023 தனிநபர் தரவுச் சட்டத்தைப் பார்த்தீர்களா. பதில் தயாராக இருந்தது. பேச்சை எழுத்தாக்குகிற விஸ்பர் மாதிரி திறந்த மாடல்களை (பழக்கிவைத்த மென்பொருள்களை) தரவிறக்கி நம் கணினியிலேயே ஓட்டலாம், குரல் அறையை விட்டு வெளியே போகாது. பெயரை எடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். 'குரலே அடையாளம்தானே, பெயரை எடுத்து என்ன பயன்?' என்றார். நியாயமான கேள்வி. சில நொடிக் குரலை வைத்துப் போலிக்குரல் செய்து பணம் பறிக்கிற காலம் இது.

பொதுமக்கள் பிரதிநிதியாக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அதுவரை பேசாமல் இருந்தவர், பேசும் பெண்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தின் ஒரு வரியில் விரலை வைத்தார். 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்னு போட்டிருக்கீங்களேம்மா. இந்தக் குரலை வச்சு மெஷினைப் பழக்கின பிறகு ஒரு அம்மா வேண்டாம்னு சொன்னா, மெஷினுக்குள்ள இருந்து எடுத்துடுவீங்களா?'

நான் இணை நெறியாளரைப் பார்த்தேன். அவர் நேர்மையாகவே சொன்னார்: கோப்பை அழிக்கலாம், பழகிய மாடலிலிருந்து ஒரு ஆளை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம், மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அந்த வரி பொய் வாக்குறுதிதானே என்றார் ஆசிரியை.

அதற்கப்புறம் எங்கள் இரண்டு கைடுகளுக்கும் நடந்த வாக்குவாதம் சுவாரசியமானது. இணை நெறியாளருக்குத் தரவுத்தொகுப்பைப் பொதுவில் வெளியிட வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் சோதித்துப் பார்க்க முடியும், தமிழுக்கும் நல்லது. நெறியாளருக்கு அது ஊர்ப்பெண்களின் பேச்சை வழியில் போகிறவனுக்கு எடுத்துக் கொடுக்கிற காரியம். இரண்டிலும் உண்மை இருந்தது. கடைசியில் இந்தக் குரல்களை வைத்து எந்த மாடலையும் பழக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் மாடல்களைச் சோதிக்க மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். பகிர்வதை மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்தோம்: நான் மட்டும் கேட்கலாமா, ஒப்பந்தம் போட்டு வேறு ஆய்வாளருக்குத் தரலாமா, எழுத்து வடிவத்தை மட்டும் வெளியிடலாமா. ஆய்வு சிறுத்துப்போனது என்று துறையில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

களத்தில் படிவம் வேறு விதமாகத் தடுமாறியது. தாளை நீட்டியதும் ஒரு ஆச்சி, 'கையெழுத்து எதுக்கு தாயி, பத்திரமா எழுதப் போற?' என்றார். அவர்கள் வாழ்க்கையில் கைநாட்டு என்றால் சொத்து, கடன். வாய்மொழி ஒப்புதலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டுக் குழுவுக்குத் திரும்ப எழுதினேன், காரணம் சொன்னதும் கொடுத்தார்கள். முதல் கேள்விக்குச் சரி சொன்ன பலர் இரண்டாவதற்கு மாட்டேன் என்றார்கள். மூன்றாகப் பிரித்திருக்காவிட்டால் அந்த 'மாட்டேன்' எனக்குக் கேட்டிருக்காது.

இனி அளவீடு. கணினித் துறையில் சொற்பிழை வீதம் என்று ஒன்று உண்டு: மாறிய, விடுபட்ட, கூடுதலாக வந்த சொற்களைக் கூட்டி, பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ரிக்ஃபோர்டு குழுவும் அதைத்தான் பயன்படுத்தியது. தமிழில் அதை அப்படியே வைத்தால் வேடிக்கை நடக்கும். ஒரு ஆச்சி சொன்னது: 'நேத்து ரேஷனுக்குப் போனேன் கைரேகை விழல.' ஒரு மாடல் 'நேற்று ரேஷனுக்கு போனேன் கைரேகை விழவில்லை' என்று எழுதியது. ஐந்து சொல்லில் மூன்று மாறிவிட்டன, பிழை 60 சதவீதம். ஆனால் பொருள் ஒரு குன்றிமணி அளவும் கெடவில்லை. இன்னொரு மாடல் முதல் நான்கு சொல்லையும் அச்சு அசலாகப் பிடித்துவிட்டு, 'விழல' என்பதை மட்டும் 'விழும்' ஆக்கியது. பிழை 20 சதவீதம்தான். ஆச்சியின் புகாரே காணாமல் போய்விட்டது!

இதை என் ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் காட்டியபோதுதான் இரண்டு துறைக்காரர்களும் முதன்முறையாக ஒரே தாளைப் பார்த்துப் பேசினார்கள். சொற்பிழை வீதத்தைத் தூக்கி எறியவில்லை, மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். பேச்சுவழக்கு எழுத்துவழக்காக மாறியதைத் தனியாக எண்ணினோம். எதிர்மறை, எண், பெயர், பணத்தொகை ஆகிய நான்கில் வரும் பிழையை இன்னொரு பட்டியலாக வைத்தோம். கணினி ஸ்காலர் ஒருவர் நிரலை எழுதிக் கொடுத்தார், எது எதிர்மறை என்று நான் கையால் குறித்தேன். விழுகாது, விழமாட்டேங்கு, விழலங்கேன் என்று நெல்லையில் மறுப்புக்கு இத்தனை வேடம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

கட்டுரை வெளியிடுவது தனி இம்சை. கணினியில் மாநாட்டுக் கட்டுரைக்கு மவுசு, எங்கள் துறையில் ஆய்விதழ் என்றால்தான் மதிப்பு. பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டாலும், பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியை வைத்திருக்கின்றன. அளவீட்டை மாநாட்டுக்கும் ஒப்புதல் கதையை ஆய்விதழுக்கும் பிரித்து அனுப்பினேன். மாநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர், 'புதிய மாடல் எங்கே?' என்று கேட்டிருந்தார். மாடல் பழக்காததற்கான காரணத்தை ஒரு முழுப் பத்தியாக எழுதி அனுப்பினேன், அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது ஆய்வேடு வெளித்தேர்வாளர்களிடம் இருக்கிறது. பட்டியல் கொடுக்கும்போது மொழியியலிலிருந்து ஒருவர், கணினியிலிருந்து ஒருவர் வரும்படி பெயர்களைக் கலந்து கொடுக்கச் சொல்லி நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். இதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஒரே துறைக்காரர்கள் இருவர் அமைந்துவிட்டால் பாதி ஆய்வேட்டைப் படிக்க ஆளிருக்காது.