எழுந்தால் வலி, படுத்தால் இல்லை

ஆகஸ்ட் 3
சேலத்தில் தங்கைக்கு சிசேரியன் நல்லபடி முடிந்தது. ஆனால் நேற்றிலிருந்து தலைவலி. பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் பின்மண்டையில் ஆரம்பித்துக் கழுத்து வரை இறுக்குகிறது, காது அடைக்கிறது. படுத்த சில நிமிடத்தில் அடங்குகிறது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று அம்மா நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தார். அதற்கும் உட்கார வேண்டுமே, பாவம், அழுதுவிட்டாள்.

ஆகஸ்ட் 4
வார்டில் கேட்டால், "பச்சை உடம்பு, தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "படுத்தால் வலி போகிறதா?"

சிசேரியனுக்காக மரத்துப்போக முதுகில் போட்ட ஊசியின் துளை மூடாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் தண்டுவட நீர் கசிகிறதாம். அந்த நீர் மொத்தமே 150 மில்லி அளவுதான். தினமும் அரை லிட்டர் போல ஊறினாலும், கசிவு மிஞ்சினால் மூளைக்குத் தாங்கல் குறைந்துவிடும். நிமிர்ந்ததும் மூளை சற்றே கீழிறங்கி, சுற்றியுள்ள உறையை இழுக்கும். இந்த மயக்க முறையை 1898-ல் தொடங்கிய ஆகஸ்ட் பீர் என்ற ஜெர்மன் டாக்டர் தன் முதுகிலும் ஊசி குத்தவிட்டு, இதே தலைவலியில் படுத்திருக்கிறார்.

பிரஷர் பார்த்தார், பார்வை மங்குகிறதா, வலிப்பு வந்ததா என்றும் விசாரித்தார். பிரசவத்துக்குப் பிறகு இரத்தக் கொதிப்பாலும், மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதாலும் தலைவலி வரலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஆகஸ்ட் 5
மாத்திரை, தண்ணீர், ஓய்வு. காபி குடிக்கலாம், பால் கொடுப்பதால் அளவாக என்றார். மாமா கொண்டுவந்த ஏற்காட்டுக் காபித்தூளில் கெட்டி டிகாக்‌ஷன் போட்டேன். கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அப்புறம் பழையபடி வலி.

ஆகஸ்ட் 6
பிளட் பேட்ச் செய்தார்கள். கையிலிருந்து 20 மில்லி போல இரத்தம் எடுத்து, முதுகில் தண்டுவட நீரைச் சுற்றியுள்ள சவ்வுக்கு வெளியே மெதுவாகச் செலுத்தினார்கள். அது உறைந்து துளையை அடைக்கும். 1960-ல் கோர்ம்லி என்ற அமெரிக்க டாக்டர் 2, 3 மில்லியில் தொடங்கிய வைத்தியம். இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருந்து எழுந்தாள். "அக்கா, வலி இல்லக்கா." அம்மா பிள்ளையை மடியில் வைத்தார்.

ஆகஸ்ட் 9
வீட்டுக்கு வந்தாச்சு. குனியக் கூடாது, பிள்ளையைத் தவிர எடை தூக்கக் கூடாது. காய்ச்சலோ, கால் மரத்துப்போவதோ, சிறுநீர் போவதில் சிக்கலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இதையெல்லாம் முதுகில் ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்பே சொல்ல வேண்டும். ஊசியே போடாமல் தானாகக் கசிந்து, ஒற்றைத் தலைவலி என்று வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களும் உண்டு.

ஏற்காட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார் மாமா. 20 கொண்டை ஊசி வளைவு. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.