காகிதத்தில் விழும் கிழிசல்

முனைகளில் சக்கரமும் கேபிளும் வைத்த காம்பவுண்ட் வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு 80 மீட்டர் அளவில் போகும். நேராகப் போகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு போகிறதா என்று பக்கத்தில் நிற்பவனுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் மரச்சட்டத்தில் ஒரு காகிதத்தை இழுத்து ஒட்டி, பின்னால் இலக்குப் பலகையை வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்யச் சொல்வோம். முனை போன இடத்தில் வட்டமான துளை விழும். இறகுகள் போன இடத்தில் மூன்று கீறல் விழும். கீறல்கள் துளையைச் சுற்றியே இருந்தால் அம்பு நேராகப் போயிருக்கிறது. மேலே தள்ளி விழுந்தால் வால் மேலே தூக்கியிருக்கிறது. பக்கவாட்டில் விழுந்தால் வால் பக்கவாட்டில் வீசியிருக்கிறது.

சென்னையில் ஒரு வில்வித்தைப் பயிற்சிக்கூடத்தில் எட்டு வருடமாக இந்தக் கிழிசல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி கொடுப்பது கோச்சின் வேலை. நாண் மாற்றுவது, இறகு ஒட்டுவது, வில்லை டியூன் செய்வது என்னுடையது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கமும் இந்தியாவுக்கே வந்த பிறகு, எங்களிடம் காம்பவுண்ட் கேட்டு வரும் பிள்ளைகள் அதிகம். இந்த வில்லில் இரண்டு கேம் (முனைகளில் சுழலும் சக்கரங்கள்), நாண், கேபிள்கள், ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), பீப் (நாணில் குறிபார்க்கும் துளை) என்று அசையும் பாகமும் திருகும் ஏராளம். எதைத் திருகினாலும் ஏதோ ஒன்று மாறும். ஏதோ மாறுகிறதே என்று தொடர்ந்து திருகத் தோன்றும். நானும் அப்படித் திருகியவன்தான். அதை ஒரு பெண் குழந்தையின் வில்லில் செய்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

அவளுக்கு அப்போது 16 வயது. வில்லின் இழுவிசை 48 பவுண்டு. 18 மீட்டர் உள்ளரங்கப் போட்டியை முடித்துவிட்டு, வெளியரங்கில் 50 மீட்டருக்குத் திரும்பியிருந்தாள். உள்ளரங்கத்துக்குத் தடித்த அம்பு, விதி அனுமதிக்கும் உச்ச அளவான 9.3 மி.மீ. விட்டம். கோட்டைத் தொட்டாலே அதிகப் புள்ளி கிடைக்கும் என்பதால் தடிமன் அங்கே உதவும். வெளியில் காற்று இருக்கும், அதனால் மெல்லிய அம்பு. அவளுடையது ஏறக்குறைய 5.5 மி.மீ. அம்பை மாற்றியதும், நெருக்கமாக விழுந்துகொண்டிருந்த அம்புகள் சிதறிவிட்டன. 50 மீட்டர் இலக்கில் பத்தின் வட்டம் 8 செ.மீ.தான். அவளுக்கு ஏழும் ஆறும் விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணா, அம்பு வெளிய வரும்போதே ஒரு மாதிரி சத்தம் வருது" என்றாள். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தில் எய்யச் சொன்னேன். வால் மேலே, ஏறக்குறைய 4 செ.மீ.

காரணம் உடனே தெரிந்ததுபோல் இருந்தது. ரெஸ்ட்டின் ப்ளேடு அதே உயரத்தில் இருக்கிறது, அதன்மேல் படுக்கும் அம்பு மெலிந்துவிட்டது. இரண்டின் ஆரத்துக்கும் உள்ள வித்தியாசம் 1.9 மி.மீ. அவ்வளவு தூரம் அம்பின் முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, வால் அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. ரெஸ்ட்டை 2 மி.மீ. உயர்த்தினேன். கிழிசல் ஒன்றரை செ.மீ. ஆகக் குறைந்தது. சரி, கணக்கு சரிதான், மிச்சத்தையும் இதே வழியில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் தவறினேன். நாணில் அம்பு பூட்டும் இடத்திலுள்ள சிறு கயிற்று வளையமான டி-லூப்பை 1 மி.மீ. இறக்கிக் கட்டினேன். கிழிசல் அப்படியே இருந்தது. இன்னும் 1 மி.மீ. இறக்கினேன். அசையவில்லை. மூன்றாவது முறை இறக்கியபோது கொஞ்சம் கூடியது. வாலை இறக்க இறக்க வால் மேலே போகிறது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ கேம்களின் டைமிங்கைப் பார்க்கப் போனேன். முழுதாக இழுக்கும்போது கேம்களை நிறுத்தும் இரண்டு ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் தொட்டன, குறையில்லை. அப்புறம் ரெஸ்ட்டை மாற்றி, லூப்பை மாற்றி, ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றி, கடைசியில் எது எங்கே இருந்தது என்பதே தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலை அவள் எய்வதைப் பார்த்தேன். வில் பிடித்த கை இறுகியிருந்தது. விட்டதும் கையைக் கீழே அழுத்தினாள். அதற்கு முன் அவளிடம் அந்தப் பழக்கம் கிடையாது. "ஏம்மா கையை அழுத்தற?" என்றேன். "என் கைதான் தூக்குதோன்னு நினைச்சேன் அண்ணா" என்றாள். வில்லில் இருந்த பிழையை அந்தக் குழந்தை தன் கையில் தேடத் தொடங்கியிருந்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வில்லைச் சரிசெய்ய எனக்கு ஆகும் ஒவ்வொரு நாளும் எய்பவரின் உடம்பில் ஏதோ ஒன்றைக் கோணலாக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

எல்லாவற்றையும் ரெஸ்ட்டை உயர்த்திய நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். முந்தைய நாள் அளவுகளைக் கேட்டால், நல்லவேளை, அவள்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பிறகு அவள் முதல் நாள் சொன்ன அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "எதையோ உரசற மாதிரி" என்றாள். அவள் அம்மா நிழலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் லிப்ஸ்டிக் வாங்கி, ப்ளேட்டின் இரண்டு ஓரத்திலும் தடவினேன். ஒரே ஒரு அம்பு. எடுத்து வந்து பார்த்தால், கீழ் இறகுகள் இரண்டின் உள்பக்கத்திலும் சிவப்புக் கோடு.

ப்ளேடு தடித்த அம்புக்கான அகலப் ப்ளேடு. உள்ளரங்கப் போட்டிக்கு நான்தான் மாட்டியது, கழற்ற மறந்ததும் நான்தான். மெல்லிய அம்பின் கீழ் இறகுகள் இரண்டும் அந்த அகலத்தைத் தாண்டிப் போக முடியாமல் உரசி, வாலைத் துள்ளவிட்டிருக்கின்றன. நான் வாலை இறக்கியபோதெல்லாம் இறகு இன்னும் ஆழமாக உரசியது, துள்ளல் கூடியது. உயரக் குறை ஒன்று, உரசல் ஒன்று, இரண்டும் காகிதத்தில் ஒரே திசையில் கிழிந்ததால் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. முதலாவதைச் சரிசெய்ததும் கிழிசல் குறைந்ததுதான் என்னை ஏமாற்றியது. குறுகிய ப்ளேட்டை மாட்டிய பிறகு மூன்றாவது அம்பிலேயே ஒரே துளை. இறகில்லாத அம்பை 18 மீட்டரில் எய்து பார்த்தோம், இறகு வைத்தவற்றோடு ஒட்டியே போய்க் குத்தியது.

வில் சரியாகிவிட்டது. கையை அழுத்தும் பழக்கம் போக கோச்சுக்கு மூன்று வாரம் ஆனது.

அதன் பிறகு நான் எந்த வில்லிலும் திருகு திருப்பும் ஆலன் கீயை எடுப்பதற்கு முன் அம்பைத்தான் எடுக்கிறேன். எல்லா அம்புக்கும் எண் போட வைக்கிறேன். எந்த எண் எங்கே விழுந்தது என்று மூன்று சுற்றாவது குறிக்கச் சொல்கிறேன். 7ஆம் எண் மட்டும் திரும்பத் திரும்ப விலகினால் வில்லுக்கு அதில் பங்கில்லை. நாக் (நாணில் பூட்டும் அம்பின் பின்முனை) கோணியிருக்கலாம், முனை தளர்ந்திருக்கலாம், கார்பன் விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. பலகையிலோ இன்னொரு அம்பிலோ மோதிய அம்பை வளைத்து, முறுக்கி, காதருகில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி பூட்ட வேண்டும். நெறுநெறு என்று கேட்டால் உடைத்துப் போடுவேன். எய்யும்போது உடைந்தால் அது கையில் ஏறும்.

அப்புறம் நாக். அம்பைப் பூட்டி வில்லைக் கீழ்நோக்கிப் பிடித்து, நாணை விரலால் லேசாகத் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். இறுகப் பிடித்திருந்தால் நாணின் மேல் சுற்றிய சர்விங் நூல் தடிமன், அது ஒவ்வொரு அம்பையும் ஒவ்வொரு விதமாக விடும். எங்கள் ஊர் வெயிலில் நாணும் கேபிளும் மெல்ல மெல்ல நீள்வதால், கேம் நிற்கும் நிலையை வெள்ளைப் பேனாவால் கோடு போட்டு வைக்கிறேன். கோடு நகர்ந்தால் அதுதான் முதல் சந்தேகம். வில்லை மூடிய காரில் விட்டுப் போகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

எல்லாம் சரியாக இருந்தும் வால் வீசினால் எய்பவரைப் பார்க்க வேண்டும். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் வருவார், நாற்பது வயதுக்கு மேல். காகிதத்தில் எப்போதும் இடப்பக்கக் கிழிசல். அம்பு மெத்தென்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, அம்பின் விறைப்பைச் சொல்லும் ஸ்பைன் எண்ணில் 400இலிருந்து 340க்குப் போனார். பிறகு 300 வாங்கினார். இந்த எண் குறையக் குறைய அம்பு விறைப்பானது. 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் 0.400 அங்குலம் வளைவதுதான் 400. மூன்று செட் அம்பு, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. கிழிசல் மட்டும் போகவில்லை.

என் இழுப்பு நீளமும் அவருடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். "சார், நான் ஒண்ணு எய்யட்டுமா?" என்று கேட்டு, அவர் வில்லில் அவருடைய முதல் செட் அம்பையே எய்தேன். ஒரே துளை. அவர் முகம் வாடியது. சொன்ன விதத்தில் குறையிருந்ததோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் நான்காவது செட்டும் வாங்கியிருப்பார். வில் கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், நாணைப் பிடித்திருக்கும் ரிலீஸ் கருவியை விடும் நொடியில் அவர் விரல்கள் பிடியை மூடிக்கொண்டன. மணிக்கட்டில் வார் மாட்டிவிட்டு, விரல்களைத் தளர்த்தி, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில் உட்காரும்படி வைக்கச் சொன்னேன். கோச் அவரைப் பத்து நாள் வெறும் பலகைக்கு முன்னால், இலக்குத் தாள் இல்லாமல், மூன்று மீட்டரில் எய்ய வைத்தார். கிழிசல் சிறிது சிறிதாக உள்ளே வந்தது.

வில்லில் இருப்பதைக் கையிலும் கையில் இருப்பதை வில்லிலும் தேட வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பாதி என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக இரண்டு வழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன், பலன் இல்லை என்றால் பழைய இடத்துக்கே கொண்டுபோவேன், இரண்டையும் எழுதுவேன். இது ஒன்று. இன்னொன்று, எய்பவர் "ஏதோ மாதிரி இருக்கு" என்று சொன்னால், அந்த ஏதோ என்ன என்று கேட்காமல் வில்லைத் தொடமாட்டேன்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் புது ரெஸ்ட் மாட்டிக்கொண்டு வந்தாள். காகிதம் ஒட்டப் போனேன். "இருங்க அண்ணா" என்று பெட்டியைத் திறந்து, ஒரு பழைய லிப்ஸ்டிக்கை எடுத்து ப்ளேட்டின் ஓரத்தில் தடவி, ஒரு அம்பை எய்து, இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறை இல்லை. "இப்ப ஒட்டுங்க" என்றாள்.