பாவில் 32 இழைகள்

2007 கடைசியில் ஒரு சனிக்கிழமை, கிராபிக்ஸ் கார்டு வாங்க சிங்கப்பூரின் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, எந்த கேமுக்கு என்பது. எனக்கு ஒரு விளையாட்டின் பெயரும் தெரியாது. கடல் அலைக் கணக்குப் போட என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து வைத்தார்: ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ்.

அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் கணினிப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. பத்தரை அங்குல நீளம். ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூண்டைக் கழற்றி இடம் பண்ணினேன். அடுத்து, மின்சாரத்துக்குத் தனியாக இரண்டு இணைப்பு கேட்டது. எங்கள் பவர் சப்ளையில் ஒன்றுகூட இல்லை. மறுபடியும் சிம் லிம்.

எங்களுடையது சிறிய நிறுவனம். படகுத்துறை, அலைத்தடுப்பு, நிலமீட்பு என்று கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்கு, நீரோட்டம் எப்படி மாறும் என்று கணக்கிட்டுக் கொடுப்போம். கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நீரின் உயரம், இரு திசை வேகம், தரையின் ஆழம். அடுத்த நொடியில் ஒரு கட்டம் எப்படி இருக்கும் என்பதை, இந்த நொடியில் அதன் அண்டைக் கட்டங்கள் இருக்கும் நிலை சொல்லிவிடும். பத்து லட்சம் கட்டங்களுக்கும் ஒரே கணக்கு. ஜிபியுவுக்கென்றே, அதாவது அந்த அட்டையின் சில்லுக்கென்றே, பிறந்த வேலை என்று எங்கள் முதலாளி எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். அது பொய்யுமில்லை.

இந்தச் சில்லுகளைச் செய்யும் என்விடியா, அவற்றில் பொதுவான கணக்குகளை எழுதி ஓட்ட உதவும் ‘கூடா’ (CUDA) என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டதும் அந்த வருஷம்தான். அதற்கு முன் ஜிபியுவில் கணக்குப் போட வேண்டுமென்றால், கணக்குக்குப் படம் வேஷம் கட்டி அனுப்ப வேண்டும். எண்களெல்லாம் டெக்ஸ்சர் (படத்தின் மேற்பரப்பு), விடை ஒரு பிக்சலின் நிறம். கூடா வந்தபின் சி மொழி தெரிந்தால் போதும் என்றாயிற்று. எங்கள் சிபியுவில் இருந்தது இரண்டு கோர். அட்டையில் 128 செயலிகள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதி, முதல்முறை ஓட்டினேன். பழைய நிரலைவிட மெதுவாக ஓடியது.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அட்டையின் ரசீது மட்டும் என் மேசைமேல் இருந்தது.

காரணம் பிடிபட நாலு நாள் ஆனது. ஒவ்வொரு நேரப்படிக்கும், அதாவது கணக்கு அடுத்த நொடிக்கு நகரும்போதெல்லாம், கட்டங்களை எல்லாம் அட்டைக்கு அனுப்பி, கணக்கிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். அட்டைக்குள் இருக்கும் மெமரி நொடிக்கு 86 ஜிகாபைட் தரக்கூடியது. கணினிக்கும் அட்டைக்கும் நடுவிலுள்ள பாதையில், காகிதக் கணக்குப்படியே, 4 ஜிகாபைட்தான் போகும். கல்யாணப் பந்தியில் நூறு பேரை உட்காரவைத்துவிட்டு, சாம்பாரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாளியில் கொண்டுவருகிற கதை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அட்டைக்குள் ஏற்றிவிட்டு, மணிக்கணக்கில் அங்கேயே ஓடவிட்டு, கடைசியில் மட்டும் வாங்கினேன். நாலு மடங்கு வேகம் வந்தது.

அடுத்த தடை நினைவகத்தில் எண்களை அடுக்கியிருந்த விதம். ஒரு கட்டத்துக்கு உரிய நாலு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். மனிதர் படிக்க அதுதான் வசதி. ஜிபியுவில் ஒவ்வொரு கட்டத்தின் கணக்கும் ஓர் இழையாக ஓடும். அதுவோ அண்டை இழைகள் அண்டை முகவரிகளைக் கேட்டால்தான் ஒரே மூச்சில் அள்ளித் தரும். அந்தக் காலத்து அட்டைகள் இதில் ரொம்பக் கறார்: 16 இழைகள் வரிசை தப்பாமல் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நடை. உயரங்களையெல்லாம் ஒரு வரிசை, வேகங்களையெல்லாம் இன்னொரு வரிசை என்று பிரித்து அடுக்கினேன். கணக்கில் ஓர் எழுத்து மாறவில்லை. வேகம் மட்டும் மறுபடி கூடியது.

ஜிபியு இழைகளைத் தனித்தனியாக ஓட்டாது. 32 இழைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையைத் தரும். அந்தக் கட்டுக்கு ‘வார்ப்’ என்று பெயர். நெசவிலிருந்து வந்த சொல், இழைகளை இணையாக ஓட்டிய முதல் தொழில்நுட்பம் நெசவுதான் என்று கூடா கையேட்டிலேயே ஒரு வரி இருப்பதைப் பின்னாளில் பார்த்தேன். பார்த்ததும் ஊருக்கு போன் போட்டுவிட்டேன். அப்பா ஆரணியில் பட்டு நெய்தவர். வார்ப் என்றால் பாவு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு, நாடா குறுக்கே கொண்டுபோவது ஊடை.

"உன் பாவுல எத்தனை இழைம்மா?" என்றார்.

"முப்பத்திரெண்டுப்பா."

"அதுல ஒரு துண்டுகூட நெய்ய முடியாதே."

பட்டுப்புடவைப் பாவில் ஆயிரக்கணக்கில் இழை ஓட்டியவருக்கு இது விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் நிரலின் அடுத்த நோயை, நான் பாதி விவரிக்கும்போதே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பாவில் ஓர் இழை அறுந்தால், அதை முடிந்து சேர்க்கும்வரை மொத்தத் தறியும் நிற்கும். எங்களுக்கு அறுந்தது கரையோரம். ஆழ்கடல் கட்டங்கள் எப்போதும் நீருக்குள், மேட்டு நிலக் கட்டங்கள் எப்போதும் காய்ந்து. இரண்டும் சிக்கலில்லை. சுங்கை பூலோ மாதிரிச் சதுப்பு ஓரங்களில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காயும் கட்டங்கள் உண்டு. அவற்றில் நீரின் உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்ளத் தனிக் கணக்கு. 32 இழைகளில் மூன்று அந்தத் தனிக் கணக்குக்குப் போனால், மற்ற 29 கைகட்டி நிற்கும். கரையோரக் கட்டங்களை மட்டும் பொறுக்கித் தனிப் பட்டியலாக்கி, அவற்றைச் சேர்த்தே ஒரு ஓட்டம் விட்டேன். கேட்டுவிட்டு அப்பா, சிக்குப் பிடித்த நூலைத் தனியாக எடுத்து வைக்கிற மாதிரி என்றார்.

2010இல் என்விடியாவின் பெர்மி தலைமுறை அட்டைகள் வந்தன. எங்களுடையது டெஸ்லா சி2050 என்ற அட்டை, 448 கோர், பிழை திருத்தும் மெமரி. இரட்டைத் துல்லிய எண்களும் (இரு மடங்கு இடமெடுத்து அதிக இலக்கங்களை வைத்திருப்பவை) நம்பும்படியான வேகத்தில் ஓடின. முதல் 8800இல் அந்தத் துல்லியம் வன்பொருளிலேயே கிடையாது என்பதை இன்று யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். பெர்மியில் இன்னொரு புது வசதி: பல இழைகள் ஒரே இடத்தில் தசம எண்களை மோதிக்கொள்ளாமல் கூட்டலாம். ஆசையாக, மொத்த நீரின் அளவைக் கூட்ட அதைப் பயன்படுத்தினேன். ஒரே கணக்கை மூன்று தடவை ஓட்டிப் பார்த்த வாடிக்கையாளர், கடைசி இலக்கங்கள் மூன்று தடவையும் வேறுவேறாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதில் எது சரி?" என்று கூட்டத்தில் கேட்டார்.

மூன்றும் சரிதான். தசம எண்களைக் கணினி கூட்டும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு துளி நறுக்கப்படுகிறது, எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நறுக்கு மாறும். எந்த இழை முதலில் வந்து சேரும் என்பதோ ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. இதைச் சொன்னபோது அந்த அறையில் யார் முகத்திலும் தெளிவில்லை. எண் சரியாக இருப்பதும், மாறாமல் இருப்பதும் வாங்குபவருக்கு ஒன்றுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிலையான வரிசைக்கு மாற்றினேன். கொஞ்சம் வேகம் போனது, நிம்மதி வந்தது.

நீரோட்டக் கணக்கு வேகமெடுத்ததும் கோப்பு எழுதும் பகுதி பல்லை இளித்தது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே சொன்ன விதிதான்: வேலையில் 95 சதவீதத்தை எவ்வளவு பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும், மிச்சம் 5 சதவீதம் மொத்த வேகத்தை 20 மடங்குக்குமேல் விடாது.

2016 வாக்கில் ஒன் நார்த்தில், ஃபியூஷனோபோலிஸ் கட்டடத்தில் தேசிய மீத்திறன் கணினி மையத்தின் ஆஸ்பயர் 1 இயங்கத் தொடங்கியது. அதில் 128 கே40 அட்டைகள். 128 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் முதல் அட்டையில் இருந்த செயலிகளின் எண்ணிக்கை அது. இங்கே அத்தனை அட்டைகள், ஒவ்வொன்றிலும் 2,880 கோர்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் சிங்கப்பூரில் இந்தத் தொழிலைப் பேச முடியாது. 2022 தீபாவளி திங்கட்கிழமை வந்தது. வெள்ளி மாலை ஒரு பெரிய ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, தேக்காவில் பூவும் முறுக்கும் வாங்கப் போய்விட்டேன். நீண்ட விடுமுறையில் கட்டடத்தின் ஏர்கானை நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், மறந்திருந்தேன். சின்ன அறையில் நான்கு ஏ100 அட்டைகள், ஒவ்வொன்றும் 250 வாட். ஜிபியு சூடானால் புகைவதில்லை. தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது அறை இட்லிக் கொப்பரை மாதிரி இருந்தது, கணக்கு பாதியைக்கூடத் தாண்டவில்லை. எங்கள் அறையின் பிரச்சினையே தீவின் பிரச்சினையும். 2020இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. புதிய மையங்களுக்கு 2019இல் நிறுத்திய அனுமதி 2022இல்தான் மறுபடி திறந்தது. 26 டிகிரியிலும் அதற்கு மேலும் மையங்களை இயக்குவதற்கான வழிகாட்டுதல் 2023இல் வந்தது. ஏ100க்கு அடுத்து வந்த எச்100இல் ஒரு வகை, ஒற்றை அட்டையே 700 வாட் வரை இழுக்கும்.

அந்த எச்100ஐயும் எங்கள் பழைய 8800ஐயும் ஒருநாள் காகிதத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாதாரணத் துல்லியத்தில் கணக்கிடும் வேகம் 346 ஜிகாஃப்ளாப்பிலிருந்து (ஜிகாஃப்ளாப் என்பது நொடிக்கு நூறு கோடிக் கணக்கு, டெராஃப்ளாப் அதைப்போல ஆயிரம் மடங்கு) 67 டெராஃப்ளாப்புக்கு ஏறியிருக்கிறது, 190 மடங்குக்கு மேல். மெமரி வேகம் 86 ஜிகாபைட்டிலிருந்து 3,350க்கு, 39 மடங்கு. வாய் வளர்ந்த அளவுக்குக் கை வளரவில்லை. எங்கள் நீரோட்டக் கணக்கு ஓர் எண்ணைக் கொண்டுவந்தால் அதை வைத்து நாலைந்து கூட்டல் பெருக்கல்தான் செய்கிறது. எனக்குக் கிடைத்தது அந்த 39ஐ ஒட்டிய வேகம்தான். விளம்பரத்தில் வருவது மற்ற எண்.

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் பையன் கேட்டான். "அக்கா, எல்லாத்தையும் 16 பிட்டுக்கு மாத்திட்டா என்ன? டென்சர் கோர் சும்மாதானே கிடக்குது?"

2017இல் வந்த வி100இலிருந்து அட்டைகளில் டென்சர் கோர்கள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்காக வைத்தவை, 16 பிட் போன்ற குறைந்த துல்லியத்தில் அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்குவதில் அசுரர்கள். அவனை வெள்ளைப் பலகைக்குக் கூட்டிப்போனேன். 20 மீட்டர் ஆழத்தை 16 பிட் எண்ணில் எழுதினால், அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி எவ்வளவு? கணக்கிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் என்றான். ஒரு நேரப்படியில் நீர் எவ்வளவு ஏறும்? ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். "அப்ப கடல் ஏறவே ஏறாது."

"ஏறாது."

அடுத்த நாள் காலை அவனே வந்தான். தரையின் சொரசொரப்புக்கு வைத்திருக்கும் எண்ணை அளக்கும்போதே பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், அதை மட்டுமாவது 16 பிட்டில் வைத்தால் தூக்கிவரும் பாரம் பாதி குறையுமே என்றான். டென்சர் கோர் பேச்சையே எடுக்கவில்லை. ஓட்டிப் பார்த்தோம். பதினொரு மணி நேர ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமானது, விடை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது.

புது அட்டை வாங்கும் படிவத்தை முதலாளி என் மேசையில் வைத்து இரண்டு வாரமாகிறது. இன்னும் நிரப்பவில்லை. பையன் இப்போது கட்டங்களின் அடுக்கு வரிசையைப் பிரித்துப் போட்டிருக்கிறான்.