மொட்டைமாடியில் ஆடி முதல் ஐப்பசி வரை: பூச்சிக்கு முன்னால் ஓடுவது

ஜூலை 20, 2025

ஆடிப்பட்டத்துக்கு மாடி தயார். வடசென்னையில், காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி சின்னதுதான், ஆனால் நாள் முழுக்க வெயில் விழும். பழைய கத்தரிச் செடிகளின் குச்சி, உதிர்ந்த இலை, ஓட்டை விழுந்த காய் எல்லாவற்றையும் வழித்தெடுத்துக் கோணியில் கட்டிக் கீழே இறக்கிவிட்டேன். காய்த்துளைப்பான் புழு வளர்ந்து முடிந்ததும் காயைவிட்டு இறங்கி, இந்தச் சருகுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். சருகை அப்படியே விட்டுவிட்டு மேலே வலை கட்டினால் அந்துப்பூச்சி வலைக்கு உள்ளேயே பிறந்து வரும்.

இன்று செண்டுமல்லி மட்டும் விதைத்தேன். தக்காளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நடும்போது செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்பது கணக்கு, அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியைவிட செண்டுமல்லிப் பூவைத் தேடிப்போய் முட்டை வைக்கும். பூ தாமதமானால் அது வேறெங்கே போகும், தக்காளிக்குத்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தக்காளி விதைத்தாயிற்று, கத்தரி நாற்றை நட்டு வலையும் கட்டியாயிற்று.

வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நிறைய பேர் வலை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் காசிமேட்டில் மீன்வலை சல்லிசாகக் கிடைக்கும், அவரையும் பாகலும் ஏறுவதற்கு அதைவிட நல்ல பந்தல் கிடையாது, காக்காவும் அணிலும் கிட்டே வராது. ஆனால் பூச்சிக்கு அது திறந்த வாசல். கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அதனால் கத்தரி அந்துப்பூச்சியையும் பழ ஈயையும் நன்றாகவே நிறுத்தும். வெள்ளை ஈ மொத்தமே ஒரு மில்லிமீட்டர் நீளம்தான், உடம்பு அதைவிட ஒடுக்கம், கொசுவலைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். அதற்கு அங்குலத்துக்கு 40, 50 கண் இருக்கிற பூச்சித் தடுப்பு வலை வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொடிக்கண் வலையே போட்டுவிடலாமே என்றால், சென்னை வெயிலுக்கு அது சரிவராது. மதியத்துக்கு மேல் வருகிற கடல்காற்று உள்ளே போகாமல் புழுங்கும், இலையில் பூசணம் பிடிக்கும். அதனால் பொடிக்கண் வலை நாற்றுத் தட்டுக்கு மட்டும், வளர்ந்த கத்தரிக்குக் கொசுவலை. அடிப்பக்கம் வலையைத் தரையோடு இழுத்துச் சுற்றிலும் செங்கல் வைத்திருக்கிறேன், அந்துப்பூச்சிக்கு ஒரு விரல் இடைவெளி போதும்.

எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “இன்னாம்மா, செடிக்குக் கொசுவலை கட்டிக்கினு கீறே?” என்றார். விவரம் சொன்னதும் அவர் வீட்டில் ஓரம் கிழிந்து கிடந்த வலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தைத்தால் இரண்டு தொட்டிக்கு ஆகும்.

ஆகஸ்ட் 28

தக்காளியும் செண்டுமல்லியும் நட்டாயிற்று. வயலில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பார்கள். மாடியில் வரிசை ஏது, தக்காளித் தொட்டிகளின் இரண்டு ஓரத்திலும் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7

வெண்டையில் வெள்ளை ஈ. இலையைத் திருப்பினால் நாலைந்து பறக்கின்றன. அது சாறு உறிஞ்சுவதைவிட மஞ்சள் நரம்புத் தேமல் நோயைக் கொண்டுவருவதுதான் பயம், வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. இலை நரம்பு மஞ்சளான செடி ஒன்றை உடனே பிடுங்கினேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று வரும் கிழக்குப் பக்கம் முன்கூட்டியே விதைத்த மக்காச்சோளம் இப்போது இடுப்பு உயரம். பறந்து வருவதில் ஒரு பகுதியை அது தடுக்கிறது, முழுசாக இல்லை.

செப்டம்பர் 21

செம்பருத்தியில் மாவுப்பூச்சி, பக்கத்திலேயே எறும்பு வரிசை. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், இரை தேடி வரும் பொறிவண்டை விரட்டிவிடும். அதனால் முதலில் எறும்பை நிறுத்தவேண்டும். தொட்டி ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளையும் வெட்டினேன், இல்லாவிட்டால் அதுவே பாலம்.

இன்னொரு விஷயம், மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை நூல் நூலாக, வேகமாக நகரும் ஒன்று இருந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால் பலபேர் கையால் சாகிறது.

அக்டோபர் 5

வலைக்குள் கத்தரி பூத்துவிட்டது. தேனீ உள்ளே வராது, அதனால் காலையில் பூக்காம்பை விரலால் லேசாகத் தட்டுகிறேன், மகரந்தம் கொட்டுவதற்கு அது போதும். வலைக்கு வெளியே விட்ட செடியில் நுனிக்குருத்து ஒன்று வாடித் தலைசாய்ந்திருந்தது, தண்டுக்குள் புழு. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி, உள்ளே இருந்த புழுவோடு சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

பாகலுக்கு வலை வேண்டாம் என்று முடிவு. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். பூ வாடிப் பிஞ்சு திரண்டதும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை மாட்டுகிறேன், பழ ஈ பிஞ்சுத் தோலுக்கு அடியில்தான் முட்டையிடும். மஞ்சளாகி விழுந்த பிஞ்சுகளை உரக்குழியில் போடக்கூடாது, உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன்.

அக்டோபர் 19

மழை. வலை நனைந்து தொய்ந்து செடிமேல் படிந்தது. வலை இலையைத் தொட்டால் பூச்சி வெளியிலிருந்தே முட்டை வைக்கும், அதனால் நடுவில் இரண்டு மூங்கில் கூடுதலாக ஊன்றினேன்.

செண்டுமல்லிப் பூவைப் பிரித்துப் பார்த்ததில் பச்சைப்புழுக்கள் இருந்தன, பக்கத்துத் தக்காளியில் இன்று ஓட்டை இல்லை. புழு இருந்த பூக்களை எல்லாம் கிள்ளிவிட்டேன். இப்படிப் பூச்சியைத் தன் பக்கம் இழுக்கிற பொறிப்பயிர் வைத்தால் இதைச் செய்தே ஆகவேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டால் அதுவே பூச்சிப் பண்ணை.

கோஸ் நாற்று நவம்பர் முதல் வாரம் நடப்போகிறேன். கோஸைத் தாக்கும் வைரமுதுகுப் பூச்சிக்குக் கடுகு பிடிக்கும் என்பதால் ஓரத் தொட்டிகளில் இன்றே கடுகு தூவியாயிற்று, 15 நாள் முந்தினால் சரியாக இருக்கும்.